ஹொங்கே ஏரியின் கறுப்பு மீன்

நீலசந்திரா, பெங்களூர்
15 நவம்பர் 1999

அன்புள்ள அனந்து,

திருநெல்வேலிக்கு மாற்றலாகிப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை நீ எழுதிய கடிதங்களில் அல்வாவையும் வெயிலையும் தவிர உருப்படியான சேதி ஒன்றும் இல்லை. அதனால் உன் சௌக்கியத்தை விசாரிக்கிற வேலையை இந்த முறை ஒத்திவைக்கிறேன். என் சேதியைக் கேள்.

நேற்று காலைப் பூசையை முடித்துக்கொண்டு பஸ் ஏறி சந்தாபுராவில் இறங்கி நம் ஹொங்கே ஏரிக்குப் போனேன். மதகுக்குப் பக்கத்தில் அதே புங்கமரத்தடி. உன் பக்குவப்படி பெருங்காயம் போட்டுப் பிசைந்த கோதுமை மாவை மாட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு ஜிலேபி மீன் குஞ்சுகூட மோந்து பார்க்கவில்லை. ஆத்திரத்தில், வழியில் வாங்கி வைத்திருந்த கோழிக்குடலை எடுத்து மாட்டினேன். ஐயங்கார் நீ பக்கத்தில் இல்லாத தைரியம்தான், வேறென்ன?

அனந்து, ரீல் கத்தியது! நான் எழுந்து நிற்பதற்குள் தூண்டில் நரம்பில் பாதி ஓடிவிட்டது. மதகிலிருந்து சின்னப்பா மனைவி எல்லம்மா துணி துவைக்கிற கல் வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனது. முழங்கால் என்று ஒன்று எனக்கு இருப்பதே மறந்து போயிற்று. அரை மணி நேரம் கழித்துக் கரையில் கிடந்தது ஒரு கறுப்பு மீன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்துப் பார்த்தேன், அதையும் தாண்டியது. தட்டைத் தலை, எட்டு மீசை, நான்கு கிலோவுக்குக் குறையாது. புல்லில் போட்டும் திணறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற நம் சின்னப்பா ஓடிவந்து பார்த்தார். "இது இன்னா மீனு சார்? நம்ம ஏரியில நான் கண்டதே இல்லியே!" என்றார். எனக்கும் தெரியவில்லை. நீதான் மீன் புத்தகமெல்லாம் படிப்பவன், கண்டுபிடித்துச் சொல்.

பிடித்ததைத் தண்ணீரிலேயே விட வேண்டும் என்ற உன் சட்டத்தை இருபத்திரண்டு வருஷமாக நானும் காப்பாற்றி வருகிறேன். வீட்டுக் குழம்புக்குச் சின்னப்பாவிடம் வாங்கிக்கொள்வதுதானே வழக்கம். அதனால் அதையும் விட்டுவிட்டேன். அது போன திசையைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிரிஜெட்டை அடக்கம் செய்து தனிக்கட்டை ஆன பிறகு நான் அப்படிச் சிரித்தது நேற்றுதான். எந்தப் புண்ணியவான் அதைக் கொண்டுவந்து விட்டானோ, அவன் கை நன்றாக இருக்கட்டும்.

உன்
ரெமிஜியஸ்

*

திருநெல்வேலி டவுன்
28 நவம்பர் 1999

அன்புள்ள ரெமி,

உன் கடிதத்தை வங்கியில் மேஜைக்குள் வைத்து நான்கு தடவை படித்தேன். கேஷியர் பெண் வீட்டில் விசேஷமா என்று கேட்டாள்.

உன் கேள்விக்குப் பதில்: அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. நல்ல வலு உள்ள ஜாதி, வேகமாக வளரும். எப்படி இழுத்தது என்று நீ இன்னும் விவரமாக எழுதியிருக்கலாம். நேராக ஓடியதா, அடியில் போய் உட்கார்ந்து கொண்டதா? காவிரியில் நாம் பிடித்த கெண்டையோடு ஒப்பிட்டால் எப்படி? முழங்கால் போன பிறகு இனிமேல் அப்படி ஓர் இழுப்பு இந்தக் கைக்குக் கிடைக்குமா என்று சங்கமத்துப் பாறையில் உட்கார்ந்து நீ கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டது கிடைத்ததல்லவா? கொண்டுவந்து விட்டவன் யாரோ, அவனும் இதைப் படித்தால் சந்தோஷப்படுவான்.

இங்கே தாமிரபரணி வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. என்ன பிரயோஜனம்? கரையில் நிற்கிற அத்தனை பேரும் மேனேஜர் சாருக்கு வணக்கம் சொல்கிறார்கள். தூண்டிலோடு நின்றால் மறுநாள் வனஜா காதுக்குப் போய்விடும். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் யோகா வகுப்புக்குப் போனதாகத்தான் அவள் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். இங்கேயும் ஒரு வகுப்பில் சேரும்படி நச்சரிக்கிறாள். சேர்ந்துவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது.

அடுத்த தடவை பிடித்தால் அளவு எடுத்து எழுது.

உன்
அனந்தபத்மநாபன்

*

நீலசந்திரா
21 பிப்ரவரி 2000

அனந்து,

அளவு கேட்டிருந்தாயே, எழுதுகிறேன்.

நேற்றோடு மூன்று நாள் சின்னப்பா ஏரியில் வலை இழுத்தார். கட்லாவும் ரோகுவும் வருஷத்துக்குப் பத்தாயிரம் குஞ்சு வீதம் இரண்டு வருஷமாக விட்டிருக்கிறார். வந்தது ஒரு கூடை தேறாது. மற்றதெல்லாம் அந்தக் கறுப்பு மீன்தான், பெரியதும் விரல் நீளத்துக் குட்டிகளுமாக. நேற்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லம்மா ஒன்றின் வயிற்றைக் கிழித்தாள். உள்ளே பதினேழு கட்லாக் குஞ்சு, ஒரு தவளை, ஒரு நீர்க்கோழிக் குஞ்சின் கால்.  பதினேழையும் கல்லின் மேல் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்த மீனை வளர்க்கவே கூடாது என்று அரசாங்க உத்தரவு இருக்கிறதாம். ஏரி மீனவர் சங்கத்தில் சின்னப்பாவைக் கூப்பிட்டு, சந்தையில் சீக்கிரம் விற்கலாம் என்று பேராசைப்பட்டு நீதான் விட்டாய் என்கிறார்கள். குத்தகையைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. அந்த மனிதருக்கு ஏரியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? "சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நீங்களாவது நம்புறீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வந்தது. ஒன்று, நீ மாற்றலாகிப் போவதற்கு முந்தின வாரம் என் வீட்டிலிருந்து இருபது லிட்டர் தண்ணீர் கேனை வாங்கிக்கொண்டு போனாய். திரும்பி வந்தபோது அதில் மீன் கவிச்சி அடித்தது. இரண்டு, கேட்டது கிடைத்ததல்லவா என்று நீ எழுதியது.

நீயா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை எழுது.

ரெமி

*

திருநெல்வேலி டவுன்
1 மார்ச் 2000

அன்புள்ள ரெமி,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் நீ என்னை மதித்திருப்பாய். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, ஆகவே விளக்குகிறேன்.

பிரிஜெட் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொழிற்சாலையும் உன்னை முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. இப்போது நானும் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ தனியாக அந்த மரத்தடியில் விரல் நீள ஜிலேபிக்காக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு ஏதாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. ஹொசகோட்டே பக்கம் ஒருவர் தொட்டியில் மீன் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். எது நன்றாக இழுக்கும் என்று கேட்டேன். இதைக் காட்டினார். நாற்பது குஞ்சு வாங்கி, சின்னப்பா இல்லாத நேரம் பார்த்து மதகடியில் விட்டேன். ஒரு வருஷத்தில் உன் தூண்டிலில் மாட்டும், நீ எனக்கு எழுதுவாய் என்று மனக்கோட்டை. அப்படியேதான் நடந்தது.

எது நன்றாக இழுக்கும் என்று கேட்டேனே தவிர, அது என்ன தின்னும் என்று கேட்கத் தோன்றவில்லை. மீன் சட்டியே ஏறாத வீட்டில் பிறந்தவனுக்கு, மீனை மீன் தின்னும் என்பது புத்தகத்தில் படித்த சங்கதியாகத்தான் இருந்தது. நாம் போடும் கோதுமை மாவைத் தின்றுகொண்டு இருக்கும் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் ஏதோ நினைத்திருக்கிறேன்.

சின்னப்பாவைக் காப்பாற்ற வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் பெயரில் எழுதிக் கொடுக்க என்னால் ஆகாது ரெமி. அரசாங்கம் தடுத்த காரியத்தைச் செய்ததாக ஒரு மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விசாரணை வரும். ஓய்வுக்கு நான்கு வருஷம் இருக்கிறது. வனஜாவிடம் எதிலிருந்து ஆரம்பிப்பேன்? அதனால் பெயர் போடாமல், நடந்ததை மட்டும் தட்டச்சு செய்து சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். உண்மை யார் சொன்னாலும் உண்மைதானே.

அனந்து

*

நீலசந்திரா
3 ஏப்ரல் 2000

அனந்தபத்மநாபன் அவர்களுக்கு,

உங்கள் மொட்டைக் கடிதாசு வந்து சேர்ந்தது. சங்கத்தில் உரக்கப் படித்தார்கள். எல்லோரும் சிரித்தார்களாம். சின்னப்பாவே யாரையோ பிடித்து, கமா புள்ளியெல்லாம் சரியாக வைத்து இங்கிலீஷில் அடித்துக் கொண்டுவந்திருக்கிறான் என்று சொன்னார்களாம். இதுவரை சந்தேகப்பட்டவர்கள் இப்போது நிச்சயமே செய்துவிட்டார்கள். ஏப்ரல் முப்பதாம் தேதி கூட்டம். அன்றைக்குக் குத்தகை ரத்து.

போன வாரம் சின்னப்பா விலாசம் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "சார், நீங்க எல்லாம் படிச்சவங்க. அந்த லெட்டர் எழுதின ஆளு யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க சார். அவரு கால்ல வுழுந்தாவது கூட்டியாறேன்" என்றார். நான் தெரியாது என்று சொன்னேன். ஐம்பத்தாறு வயதில், மாதா படத்துக்கு எதிரில் நின்றுகொண்டு, உனக்காக ஒரு பொய் சொன்னேன்.

மூன்று வாரமாக நான் ஏரிப் பக்கம் போவதில்லை. ஏன் என்று கேட்காதே. கூட்டத்துக்கும் போக மாட்டேன். உன் பெயரை நான் சொல்லவும் மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. சொல்லவில்லை என்றால் இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மறந்துவிட்டேன். எனக்கு எதையாவது விட்டுவிட்டுப் போக நினைத்தாயே, அதற்கு நன்றி. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

ரெமிஜியஸ்

*

திருநெல்வேலி டவுன்
9 மே 2000

அன்புள்ள ரெமி,

பிரிக்காமல் அனுப்பிவிடாதே. பெங்களூருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. உன்னைப் பார்த்திருந்தால், எனக்குப் பதிலாக நீயே பேசிவிடு என்று கேட்டிருப்பேன், நீயும் திட்டிக்கொண்டே பேசியிருப்பாய். அதனால் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் சந்தாபுரா போனேன்.

கூட்டம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் நடந்தது. முப்பது பேர் இருந்தார்கள். எழுந்து நின்று, அந்தக் கடிதம் என்னுடையது, மீனை விட்டதும் நான்தான் என்றேன். யாரும் நம்பவில்லை. பூணூல் போட்ட ஆள் எதற்கு ஏரியில் மீன் விடுகிறார், சின்னப்பா உமக்கு என்ன கொடுத்தான் என்று தலைவர் கேட்டார். வாங்கிய இடம், தேதி, கேன், மதகடி எல்லாம் சொன்னேன். கடைசியில் எதற்காக விட்டேன் என்றும் சொல்ல வேண்டி வந்தது. என் சிநேகிதனுக்காக என்றேன்.  முப்பது பேருக்கு எதிரில் அழுதேன் ரெமி, வெட்கமாகத்தான் இருந்தது.

சின்னப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். "எத்தினி வுட்டீங்க சார்?" என்று மட்டும் கேட்டார். நாற்பது என்றேன். "அது முட்டை போட்டு இப்ப எத்தினி நாப்பதோ. வாங்க, எடுக்கலாம்" என்றார். பெயர், விலாசம், உத்தியோகம் எல்லாம் எழுதி மனுவில் கையெழுத்துப் போட்டேன். அது இனி எங்கே போகுமோ போகட்டும். ஏரியைச் சுத்தம் செய்தால் குத்தகை தொடரும் என்று முடிவானது.

மே மாதத் தண்ணீர் இடுப்பளவுதான். இரண்டு நாள் அவர்களோடு வலை இழுத்தேன். பிடித்ததையெல்லாம் கொல்ல வேண்டும். கரையில் போட்டால் சாகாது, சேற்றில் ஊர்ந்தே திரும்பிப் போகிறது. எங்கே அடிக்க வேண்டும் என்று எல்லம்மா காட்டிக் கொடுத்தாள். முதல் மீனுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணத் தொறந்து அடிங்க சாமி, இல்லாட்டி அதுக்குத்தான் வலி" என்றாள். பதினொன்று வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. நான் கொன்றதாக நீ யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுத வந்தேன். வேண்டாம், யாரிடம் வேண்டுமானாலும் சொல்.

வனஜாவிடம் சொல்லிவிட்டேன். "அப்போ யோகா?" என்றாள். இல்லை என்றேன்.  மூன்றாம் நாள் சாதம் பரிமாறிக்கொண்டே, "அந்த மீன்காரர் ஆத்துக்காரி பேர் என்ன?" என்று கேட்டாள். எல்லம்மா என்றேன். "அவ உங்களை என்ன சொன்னா?" என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "எனக்கும் சொல்ல ஒண்ணும் தோணலை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரே ஒரு காரியம் பாக்கி. நீ முதலில் பிடித்தாயே, அந்தப் பெரியது வலையில் வரவில்லை. மதகுக்குக் கீழே பொந்தில் இருக்கிறது என்கிறார் சின்னப்பா. ஆனி மழையில் ஏரி நிறைந்தால் மறுபடியும் முட்டை போட்டுவிடும், எல்லாம் வீணாகும், குத்தகையும் போய்விடும். வலைக்கு வராதது உன் தூண்டிலுக்கு வரும். பிடித்ததை விட வேண்டும் என்ற என் சட்டத்தை இந்தக் கடிதத்தோடு ரத்து செய்கிறேன். தயவுசெய்து போ.

சின்னப்பா உன்னை விசாரித்தார். "ரெமி சாரு ஏன் இப்ப வர்றதே இல்ல? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அனந்து

*

நீலசந்திரா
12 ஜூன் 2000

அன்புள்ள அனந்து,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பிரித்துத்தான் படித்தேன். பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லாமல் இருந்தது. இப்போதும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி. உன் "ஆமாம்" வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த மீன் என்ன செய்கிறது, அதனால் யார் வயிற்றில் அடி விழுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் ஏரிக்குப் போனேன். அன்றைக்கு அது மாட்டியது. அதே பெரியது. முக்கால் மணி நேரம் போராடிக் கரைக்குக் கொண்டுவந்தேன். முதல் தடவை என் கொக்கி கிழித்த காயம் உதட்டில் ஆறியிருந்தது. சின்னப்பாவைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை, தண்ணீரில் விட்டுவிட்டேன்.

உன் சட்டத்துக்காக விட்டேன் என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். காலையில் எழுந்தால் பேச ஆள் இல்லை அனந்து. டோரீன் ஆஸ்திரேலியாவிலிருந்து மாதம் ஒரு தடவை போன் பண்ணி, மருந்து சாப்பிட்டீர்களா டாடி என்று கேட்கிறாள், அதோடு சரி. வாரத்தில் ஆறு நாளை நான் தள்ளியது, ஞாயிற்றுக்கிழமை அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பில்தான். அதைக் கொல்ல என்னால் முடியவில்லை. மூன்று வாரம் கழித்து உனக்கு அந்தக் கடிதம் எழுதினேனே, அவர்களுக்கு இவர்களுக்கு என்று மரியாதை எல்லாம் வைத்து, அதை எழுதியபோது இந்தக் கை அந்த மீனை விட்ட கை.

நேற்று போனேன். கோழிக்குடல் மாட்டினேன். இரண்டாவது வீச்சிலேயே வந்துவிட்டது. இந்தத் தடவை அது அவ்வளவாக இழுக்கவில்லை, அல்லது நான் அதை ரசிக்கவில்லை. கரையில் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டு, "சின்னப்பா!" என்று கத்தினேன். அவர் வந்து குனிந்து அதன் உதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிராமலேயே சொன்னார்: "மார்ச்சு மாசம் நீங்க வுட்டது இதுதானே சார்? நான் அந்தாண்ட கரையில தென்னை மறைவுல நின்னு பாத்தேன்."

 "பாத்தீங்களா? அப்ப ஏன் கூட்டத்துல சொல்லலை சின்னப்பா? சொல்லியிருந்தா உங்க மேல இருந்த பழி போயிருக்குமே" என்றேன்.

"சொல்லலாம்னுதான் சார் உங்க வூட்டுக்கு வந்தேன்" என்றார். "நீங்களே சொல்லுவீங்கன்னு நின்னுகிட்டே இருந்தேன். நீங்க தெரியாதுன்னீங்க. அப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேன். வூட்டுல ஒரு சத்தம் இல்ல, ஒரு தட்டு, ஒரு டம்ளரு. சரி, இவருகிட்டேயிருந்து இதையும் எதுக்குப் புடுங்குறதுன்னு வந்துட்டேன்."

குத்தகை போகிற நேரத்தில், அனந்து. பெண்டாட்டி பதினேழு குஞ்சை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகும்.

கட்டையை அவர் எடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் அடித்தேன். எல்லம்மா அதைக் கிழிக்கும்போது உள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கெழம வாங்க சார், தூண்டில் இல்லாட்டியும் வாங்க. கஞ்சி குடிக்கலாம்" என்றார் சின்னப்பா. ஆடியில் புதுக் குஞ்சு விடுகிறார்கள். அப்போது உன்னையும் வரச் சொன்னார். வனஜாவைக் கூட்டிக்கொண்டு வா, இனி மறைக்க என்ன இருக்கிறது?

அங்கிருந்து நேராகச் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையில் என்ன சார் என்று முகம் சுளித்தார். உன் மனுவை எடுக்கச் சொன்னேன். உன் கையெழுத்துக்குக் கீழே என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இவர் நாப்பதுன்னு எழுதியிருக்காரு. நீங்க எத்தனை விட்டீங்க?" என்று கேட்டார்.

ஒன்று என்று எழுதினேன்.

உன்
ரெமி